ஒரு நாள் அது, ஒரு நாள் நான்

அன்று நான் வருகைப் பதிவேட்டைக்கூட இன்னும் திறக்கவில்லை. மொட்டை அடித்து அரை அங்குலம் முடி முளைத்திருந்த ஒரு சிறுமி, தன் இடத்திலிருந்து எழுந்து கரும்பலகைக்கு வந்தாள். திங்கட்கிழமை நான் எழுதிப்போட்ட ஐந்து ஆங்கிலச் சொற்கள் புதன்கிழமையும் அழிக்கப்படாமல் இருந்தன. அவள் இரண்டடி தள்ளி நின்று, யாரும் கேட்காமலே, மேலிருந்து கீழாகப் படித்தாள். பிரிட்ஜ், பாஸ்கெட், விண்டோ, கார்டன், கேண்டில். விண்டோ மட்டும் அவள் வாயில் 'பிண்டோ' என்று வந்தது. மற்றபடி ஒரு தடுமாற்றம் இல்லை.

படித்து முடித்துவிட்டு வெளியே போய், வராந்தாவில் மூன்றாவது தூணுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

நான் போகச் சொல்லவில்லை. முந்தின நாள்தான் சொல்லியிருந்தேன். செவ்வாய்க்கிழமை மத்தியானம் இதே ஐந்து சொற்களில் ஒன்றையும் அவளால் படிக்க முடியவில்லை. திங்கட்கிழமை வகுப்பிலேயே முதலாவதாகப் படித்தவள் அவள். ஒரே நாளில் எப்படி மறக்கும்? என்னிடம் விளையாடுகிறாள் என்று எனக்குக் கோபம் வந்தது. பள்ளி விடும்வரை தூணருகில் நிற்கவைத்தேன்.

உள்ளே வரச் சொல்லிக் கூப்பிட்டேன். வரவில்லை. யார் உன்னை நிற்கச் சொன்னது என்று கேட்டேன். "நேத்து டீச்சர்" என்றாள். அவ்வளவுதான் பதில். சாப்பாட்டு மணி அடிக்கும்வரை நின்றாள். மணி அடித்ததும் தட்டை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாததைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொண்டேன்.

லைன் வீட்டுப் பிள்ளைகள்

இந்தத் தொடரில் இதுவரை எழுதியதையெல்லாம் படித்தவர்களுக்கு நான் ரொம்ப நல்ல டீச்சர் என்ற எண்ணம் வந்திருக்கும். அதில் என் கைவேலையும் உண்டு. எதைச் சொல்வது, எதை விடுவது என்று தேர்ந்தெடுப்பவள் நான்தானே. விட்டுவிட நினைத்த ஒன்றை இந்த வாரம் சொல்கிறேன்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை ஒட்டிய ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஒன்றுக்கு எனக்கு மாறுதல் வந்து சில வருஷம் ஆகிறது. வீடு திருநின்றவூரில். காலையில் ஒரு ரயில், பேசின் பிரிட்ஜில் மாறி இன்னொரு ரயில், இறங்கி ஷேர் ஆட்டோ. பள்ளிச் சுவருக்கு வருஷா வருஷம் வெள்ளையடிப்பார்கள். இரண்டு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு வந்துவிடும். இரும்பு உருக்கும் ஆலைகளின் கரி. எங்கள் வேப்பமரத்து இலையைத் தொட்டால் விரல் கறுக்கும்.

என் மூன்றாம் வகுப்பில் பாதிப் பேர் ஒடிசா, பீகார், வங்காளத்திலிருந்து வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள். தகரக் கூரை போட்ட லைன் வீடுகளிலிருந்து வருவார்கள். வருஷத்தின் நடுவில் வந்து சேருவார்கள். ஒரு நாள் திடீரென்று நின்றுபோவார்கள். கேட்டால், "ஊருக்குப் பூட்டாங்க டீச்சர்" என்று பக்கத்திலிருப்பது சொல்லும். பெயர் பழகுவதற்குள் ஆள் மாறிவிடும். நாற்பது பிள்ளைகளை நான் தலைகளாகத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

இவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தருவது என் வேலை. எந்த மொழி வழியாகச் சொல்லித்தருவது என்பது எனக்கு இன்றுவரை தெளிவாகவில்லை. பயிற்சி வகுப்பில் ஆங்கிலத்தை ஆங்கிலத்திலேயே கற்றுக்கொடுங்கள் என்று தமிழில் சொல்லி அனுப்பினார்கள். நான் படத்தைக் காட்டி 'கவ்' என்பேன். உள்ளூர்ப் பிள்ளைகள் மாடு என்பார்கள். மற்றவர்கள் தங்கள் மொழியில் மாட்டை 'காய்' என்பார்கள். வாழைக்காயா கத்தரிக்காயா என்று இவர்கள் கேட்பார்கள். அந்த மணி நேரம் முடியும்போது இரண்டு கூட்டமும் மற்றதன் வார்த்தையைக் கற்றுக்கொண்டிருக்கும். கவ் மட்டும் யார் வாயிலும் ஏறியிருக்காது.

அவர்களுடைய தமிழும் வேறு. ஒடியாவிலிருந்து நேராகக் கும்மிடிப்பூண்டித் தெருத் தமிழுக்கு வந்தவர்கள். 'உட்கார்' என்றால் விழிப்பார்கள். 'குந்து' என்றால் உட்காருவார்கள். 'என்ன' என்று பாடப்புத்தகத்தில் இருப்பதைக் காட்டினால், அது தப்பு, 'இன்னா'தான் சரி என்று என்னைத் திருத்துவார்கள்.

நானும் திருவாலங்காட்டுப் பக்கம் நெல் வயலில் நடந்து பள்ளிக்குப் போனவள். சென்னையில் கல்லூரியில் சேர்ந்தபோது முதல் பருவம் முழுக்க ஆங்கில வகுப்பில் வாயே திறக்கவில்லை. மிருகக்காட்சி சாலைக்கு, 'இசட்' ஒலி வராமல் நான் சொல்லும் 'ஜூ'வைக் கேட்டு ஒருத்தி சிரித்துவிட்டாள். ஒடியப் பிள்ளைகளும் 'ஜூ' என்றுதான் சொல்கிறார்கள். இருபத்தைந்து வருஷம் கழித்தும் எனக்கு அது சரியாக வராது. யாரை யார் திருத்துவது?

தெரிந்த நாள், தெரியாத நாள்

தூணருகில் போய் நின்ற சிறுமியின் பெயர் சஸ்மிதா. ஜூன் கடைசியில் அவள் அம்மா கூட்டிவந்து சேர்த்தாள். எட்டு வயது. பேன் தொல்லைக்காக அடித்த மொட்டை. இரண்டு மூன்று வாரத்திலேயே எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியதைப் பார்த்து எனக்கு அவள்மேல் தனிப் பிரியம் வந்தது.

பிரியம் குழப்பமாக மாற அதிக நாள் ஆகவில்லை. ஒரு நாள் முதல் ஆளாகக் கையைத் தூக்குவாள். மறுநாள் கரும்பலகையைக் காட்டினால் முகத்தைச் சுளித்து, கண்ணை இடுக்கிக்கொண்டு என்னை முறைப்பதுபோல் பார்ப்பாள். வாய்மொழியாகக் கேட்டால் சில சமயம் சொல்லிவிடுவாள். எழுதிப்போட்டுக் கேட்டால் ஒன்றும் வராது. அதற்கு அடுத்த நாள் மறுபடி பழைய கெட்டிக்காரி.

நோட்டும் அப்படித்தான். ஒரு பக்கம் சின்னச் சின்னதாக நேரான எழுத்து. அடுத்த பக்கம் கோட்டை மீறி வழியும் பெரிய பெரிய எழுத்து. இது யார் எழுதியது என்று கேட்டேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, "பவானி" என்றாள். அப்படித்தான் எனக்குக் கேட்டது.

இந்தப் பக்கத்தில் பவானி என்றால் பெரியபாளையத்து அம்மன்தான். மொட்டையும் இருக்கிறது. பெரியபாளையம் போய் மொட்டை போட்டீர்களா என்று கேட்டேன். தலையாட்டினாள். புரியாத எல்லாவற்றுக்கும் இந்தப் பிள்ளைகள் தலையாட்டுவார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அதைப் பதிலாக எடுத்துக்கொண்டேன். அப்புறம் வகுப்பைப் பார்த்து, அம்மனே வந்து ஹோம்வொர்க் எழுதிக்கொடுத்தாளாம் என்றேன். உள்ளூர்ப் பிள்ளைகள் சிரித்தார்கள். ஒடியப் பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை. அது ஏன் என்று நான் யோசித்திருக்க வேண்டும்.

அவள் தானாகவே போய் நின்ற அந்தப் புதன்கிழமை சாயங்காலம், தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு ஒரு பட்டியல் கேட்டார். கற்றலில் சிரமம் உள்ள பிள்ளைகளின் பெயர்கள். சிறப்பாசிரியர் வந்து சோதித்துப் பார்ப்பார். நான் யோசிக்காமல் சஸ்மிதாவின் பெயரை எழுதினேன். காரணம் என்ற கட்டத்தில் 'நேற்றுப் படித்தது இன்று நினைவில் இல்லை' என்று எழுதினேன். தலைமையாசிரியை அதைக் கணினியில் ஏற்றினார். மனசுக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. புரியாத ஒன்றுக்குப் பெயர் வைத்துவிட்டால் வருகிற ஆறுதல் அது.

மஞ்சக்கரு

எங்கள் சத்துணவுக்கூடத்தில் சமைப்பவர் தேசம்மா. பழவேற்காட்டுப் பக்கம் மீனவர் குப்பத்தில் பிறந்து இங்கே கல்யாணமாகி வந்தவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எந்தப் பிள்ளையின் பெயரும் அவருக்குத் தெரியாது. பெயர் கேட்டுச் சோறு போடுவதில்லை அவர்.

ஒரு முட்டை நாளில், வரிசை முடிந்த பிறகு அவரோடு பேசிக்கொண்டிருந்தேன். மூணாவதில் இருக்கும் அந்த மொட்டைப் பெண்ணைச் சோதிக்க ஆள் வரப்போகிறது, பாவம், மறதி ஜாஸ்தி என்று சொன்னேன்.

தேசம்மா அண்டாவைச் சுரண்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். "எந்தப் பொண்ணுக்கு டீச்சர்? மஞ்சக்கரு துன்றவளுக்கா, துன்னாதவளுக்கா?"

எனக்கு விளங்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்திருக்க வேண்டும்.

"ஒருத்தி மஞ்சக்கருவத்தான் மொதல்ல எடுத்து வாய்ல போட்டுப்பா. இன்னொருத்தி அதப் பிச்சி பக்கத்துல குந்திக்கினு இருக்கறவ தட்டுல வெச்சிடுவா. மூஞ்சி ஒரே மாதிரி கீது. வாயும் அப்பிடியேவா இருக்கும்?"

ரெண்டு பேரா என்று கேட்டேன்.

"அக்கா தங்கச்சி. ஒருநா அது வரும், ஒருநா இது வரும். உங்களுக்குத் தெரியும்னு நெனச்சிக்கினு இருந்தேன். கிளாசு உங்களுதாச்சே."

நான் அங்கேயே சுவரில் சாய்ந்து நின்றேன். ஆடி மாதத்து வெயில். கரி படிந்த சுவர் என் புடவையில் ஒட்டியது அப்புறம்தான் தெரிந்தது.

வகுப்புக்குப் போனேன். அன்று வந்திருந்தவளைப் பார்த்து, நீ சஸ்மிதாவா என்று கேட்டேன். அவள் பையை இறுக்கிப் பிடித்தாள். பக்கத்திலிருந்த ஒடியச் சிறுமி ஒருத்தி எழுந்து, "பௌணி டீச்சர், இது பௌணி" என்றாள். பின்வரிசையிலிருந்து உள்ளூர்ப் பையன் மொழிபெயர்த்தான்: "அவங்க பாஷைல கூடப் பொறந்த பொண்ண அப்பிடித்தான் சொல்லுவாங்க டீச்சர்."

பவானி இல்லை. பௌணி. நோட்டில் எழுதியது யார் என்று நான் கேட்ட அன்றைக்கே அந்தக் குழந்தை உண்மையைச் சொல்லியிருந்தது.

நாற்பது பேருக்கும் தெரிந்திருந்தது. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். நீங்க கேக்கவே இல்லியே என்றார்கள்.

தகரக் கதவு

அன்று சாயங்காலம் தேசம்மாவைக் கூட்டிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். இரும்புக் கம்பி ஏற்றிய லாரிகள் வரிசையாக நின்ற ஒரு சாலைக்குப் பின்னால், ஒரே சுவரில் பன்னிரண்டு கதவு வைத்த லைன். கடைசிக் கதவுக்கு வெளியே யூனிஃபார்ம் போட்ட ஒருத்தி. அவளுக்குப் பக்கத்தில் பழைய கவுன் போட்டுக்கொண்டு, ஒரு வயசுக் கைக்குழந்தையை இடுப்பில் வைத்திருந்த இன்னொருத்தி. உயரம் ஒன்று. தலைமுடி ஒன்று. பதினோரு மாதம்தான் வித்தியாசம் என்று பிறகு தெரிந்தது. சேர்ந்து நின்று பார்த்தபோது இரண்டு முகமும் வேறு வேறாகத்தான் இருந்தன. இளையவளுக்கு முகவாய் கூர்மை. மூத்தவளுக்குப் புருவம் அடர்த்தி. இத்தனை நாள் இதை எப்படிப் பார்க்காமல் இருந்தேன் என்று எனக்கு வியப்பாக இருந்தது. வியப்பு என்பது நல்ல வார்த்தை. வெட்கமாக இருந்தது.

என்னைக் கண்டதும் அவர்கள் அம்மா பசந்தி உள்ளேயிருந்து ஓடிவந்து, கவுன் போட்டிருந்தவளை உள்ளே தள்ளிக் கதவை மூடப் பார்த்தாள். பெயரை அடித்துவிடப் போகிறேன் என்று பயந்துவிட்டாள். தேசம்மாதான் வாசலில் குந்தி, கைக்குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு, ஒன்றும் ஆகாது என்று சொல்லிச் சமாதானப்படுத்தினார்.

பசந்திக்குத் தெரிந்த தமிழிலும், தேசம்மாவுக்குப் புரிந்த வரையிலும் கதை வெளியே வந்தது. புருஷனுக்கு உருக்காலையில் வேலை. அவளுக்கு ஒரு பேக்கிங் கம்பெனியில். பெரியவள் சஸ்மிதாவுக்குப் பிறப்புச் சான்றிதழ் இருந்தது. சின்னவள் மினுவுக்கு இல்லை. ஒரு காகிதத்துக்கு ஒரு பிள்ளைதான் சேர்ப்பார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதோடு, இரண்டு பேரும் போய்விட்டால் கைக்குழந்தையை யார் பார்ப்பது? பள்ளிக்கு யார் போவது என்று பெண்கள் இரண்டும் சண்டை போட்டிருக்கின்றன. அவள் தீர்ப்புச் சொல்லியிருக்கிறாள். ஒரு நாள் ஒருத்தி, மறுநாள் அடுத்தவள். இருப்பது ஒரு யூனிஃபார்ம், ஒரு நோட்டு, ஒரு பெயர்.

"ஸ்கூல் ரெண்டுக்கும் வேணும் டீச்சர். பாப்பா யாரு பாக்கும்?" என்று பசந்தி என்னைக் கேட்டாள்.

தப்பைக் கண்டுபிடித்துவிட்டவள்போல் வந்தவள், அந்த வாசலில் யார் செய்தது தப்பு என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

தகரக் கதவின் உள்பக்கம் அடுப்புக்கரியால் எழுதியிருந்தது. பிரிட்ஜ், பாஸ்கெட், எல்லாம் வரிசையாக. ஒவ்வொரு நாளும் போய் வந்தவள் போகாதவளுக்கு அங்கேதான் பாடம் நடத்தியிருக்கிறாள். படித்துக்காட்டு என்று மினுவிடம் சொன்னேன். மூக்கு தகரத்தில் இடிக்கும்படி நெருங்கி நின்று, ஐந்தையும் படித்தாள். உள்ளே வெளிச்சம் போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பாருங்கள், அப்போதும் எனக்குப் புரியவில்லை.

கிளம்பும்போது சஸ்மிதாவை அழைத்து, அன்று ஏன் நீயாகப் போய்த் தூணருகில் நின்றாய் என்று கேட்டேன். அவளுக்கு அந்தக் கேள்விதான் விசித்திரமாக இருந்தது.

"ஒரு நாள் அது நின்னுது டீச்சர். ஒரு நாள் நான்."

மேற்படி மாணவி

தலைமையாசிரியை நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, மினுவையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். சான்றிதழ் இல்லாவிட்டாலும் வயதை வைத்துச் சேர்க்கலாம், அதைச் சொல்ல ஆள் இல்லாமல் போனதுதான் கோளாறு என்றார். கைக்குழந்தை விஷயத்துக்கு மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வந்தா வரட்டும். பேர மட்டும் எதுலயும் எழுதாதீங்க." அன்றிலிருந்து என் வகுப்பில் நாற்பத்தோரு பேரும் பெயர் இல்லாத ஒன்றும். நான் 'ரிப்பீட்' என்றால் அதுவும் கத்தும்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். ஆகவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து வரத் தொடங்கியதும் மினு அப்படியே அடங்கிப்போனாள். முன்பாவது அவளுடைய நாட்களில் அவள் பெயருக்கு, அதாவது அக்காவின் பெயருக்கு, பதில் சொல்ல வேண்டியிருந்தது. இப்போது அக்கா பக்கத்திலேயே இருந்தாள். கேள்வி மினுவுக்கு, பதில் சஸ்மிதாவிடமிருந்து. வீட்டில் கதவுப் பாடமும் நின்றுவிட்டது. இரண்டு பேரும் போய் வருகிற இடத்தைப் பற்றி யார் யாருக்குச் சொல்ல வேண்டும்? பழைய ஏற்பாடே மேலோ என்று ஒரு வாரம் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் சிறப்பாசிரியர் வந்தார். பட்டியலில் இருந்த பெயர் சஸ்மிதா. பலகையைப் படிக்கத் தடுமாறியவள் மினு. இப்போது மாற்றினால் எல்லாம் முதலிலிருந்து போக வேண்டும், மினுவையே சஸ்மிதா என்று காட்டுங்கள், குழந்தைக்கு வேலை நடந்தால் போதும் என்றார் தலைமையாசிரியை. நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நானும் சரி என்றேன். இப்போது நானே அந்தக் குழந்தையை அக்காவின் பெயரில் உட்காரவைத்தேன்.

சிறப்பாசிரியர் சின்னப் பெண். புத்தகத்தைக் கிட்டத்தில் பிடித்தார், தள்ளிப் பிடித்தார், ஜன்னலருகே வைத்துக் காட்டினார். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. "இது மறதி இல்ல மேடம். கண்ணு" என்றார்.

முறைத்துப் பார்த்தது, முகத்தைச் சுளித்தது, தகரத்தில் மூக்கை வைத்துப் படித்தது எல்லாம் அதுதான். அக்கா சொல்லிக்கொடுத்ததைக் காதால் வாங்கி வைத்திருந்தவளை, கண்ணால் பார்க்கவில்லை என்று நான் தூணருகில் நிற்கவைத்திருக்கிறேன்.

தீபாவளிக்குப் பிறகு கண்ணாடி வந்தது. டப்பாவின் மேல் சஸ்மிதா என்று ஒட்டியிருந்தது. மினு அதைப் போட்டுக்கொண்ட முதல் நாள் கரும்பலகையைப் பார்க்கவில்லை. திரும்பித் திரும்பி எல்லோர் முகத்தையும் பார்த்தாள். என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள்.

சில வாரம் கழித்து வட்டாரக் கல்வி அலுவலர் ஆய்வுக்கு வந்தார். கண்ணாடி வாங்கிய பிள்ளைகளின் பட்டியல் கையில் இருந்தது. சஸ்மிதா யார் என்று கேட்டார். சஸ்மிதா எழுந்தாள். கண்ணாடி அவள் மூக்கில் இருந்தது.

நான் சொல்லிக்கொடுக்கவில்லை. தலைமையாசிரியையும் சொல்லிக்கொடுக்கவில்லை. பெரியவர்கள் குசுகுசுவென்று பேசிக்கொண்டதை வைத்து அந்த இரண்டும் தாங்களாகவே முடிவு பண்ணியிருக்கின்றன. பக்கத்தில் மினு, வெறும் கண்ணோடு, கரும்பலகை இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அலுவலர் பலகையிலிருந்த முதல் சொல்லைப் படிக்கச் சொன்னார். சஸ்மிதா கண்ணில் நீர் வழியத் தடுமாறினாள். அவளுக்குத் தெரியாத சொல் இல்லை. கண்ணாடி வழியாக அவளுக்கு எதுவும் தெரியவில்லை. அலுவலர் பேனாவை எடுத்தார். பவர் தப்பாக இருக்கிறது, கண்ணாடியைத் திருப்பி அனுப்பிவிடுங்கள், மறுபடி சோதிக்கட்டும் என்று சொல்லிக்கொண்டே எழுதத் தொடங்கினார்.

நான் தலைமையாசிரியையைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் சும்மா இருந்திருக்கலாம். அலுவலர் போன பிறகு ஏதாவது செய்துகொள்ளலாம் என்றும் தோன்றியது. ஆனால் அந்த இரண்டு பெண்களும் என்னைத்தான் பார்த்தார்கள், நான் போட்ட கணக்கை நானே சரிபார்க்கட்டும் என்பதுபோல.

"சார், கண்ணாடி இவளுடையது இல்ல. இவ தங்கச்சி மினுவோடது. நான் பேர் மாத்திக் குடுத்துட்டேன்" என்றேன்.

எப்படி மாறியது என்று கேட்டார். ரொம்ப நாள் எனக்கே தெரியாது சார் என்றேன். முழுக் கதையும் சொல்லத் தொடங்கினேன். தூண், முட்டை, பவானி. பாதியில் அவர் கையைக் காட்டி நிறுத்தினார். அந்தப் பெண்ணைப் படிக்கச் சொல்லுங்கள் என்றார்.

சஸ்மிதா கண்ணாடியைக் கழற்றி, பாவாடையில் துடைத்து, தங்கையின் முகத்தில் மாட்டிவிட்டாள். மினு எழுந்து நின்றாள். பலகையில் நான் எழுதியிருந்தது கத்தியைக் குறிக்கும் சொல். கே, என், ஐ, எஃப், ஈ. அவள் தன் இடத்திலிருந்தே, ஆறு வரிசை தள்ளி, தெளிவாகப் படித்தாள்.

"க்னைஃப்."

உள்ளூர்ப் பிள்ளைகள் சிரித்தார்கள். இந்தத் தடவை ஒடியப் பிள்ளைகளும் சிரித்தார்கள். அலுவலர் என்னைப் பார்த்து, கண்ணு நல்லாத்தான் தெரியுது என்றார். நடந்ததற்கு விளக்கம் எழுதிக் கொடுத்துவிடச் சொல்லிவிட்டு அடுத்த வகுப்புக்குப் போனார்.

மத்தியானம் உட்கார்ந்து விளக்கம் எழுதினேன். அலுவலகத் தமிழில் அந்தக் கதை அடங்க மாட்டேன் என்றது. 'மேற்படி மாணவி, மேற்படி மாணவி அல்ல' என்று ஒரு வரி வந்ததும் பேனாவை வைத்துவிட்டேன். மூன்று தாள் கிழித்தேன். கொடுத்த விளக்கம் யாருக்காவது புரிந்ததா என்று தெரியாது. கணினியில் இன்னமும் சஸ்மிதாவுக்குத்தான் பார்வைக் குறைவு.

அன்று பள்ளி விடும் நேரத்தில் மினு தனியாக என் மேசைக்கு வந்தாள். அக்கா வராந்தாவில் கைக்குழந்தையோடு காத்திருந்தாள். க்னைஃப் ஏன் தப்பு என்று கேட்டாள். முதலில் இருக்கும் 'கே'யைச் சொல்லக் கூடாது, 'னைஃப்' என்றுதான் சொல்ல வேண்டும் என்றேன்.

அவள் திரும்பிப் பலகையைப் பார்த்தாள். அழிக்காமல் அப்படியே இருந்தது. விரலை நீட்டி ஒவ்வொரு எழுத்தாக எண்ணினாள்.

"எழுதி இருக்குதே டீச்சர். இருக்குது, ஆனா இல்லியா?"

ஏன் அப்படி என்று எனக்குத் தெரியாது. இத்தனை வருஷத்தில் யாரும் கேட்டதும் இல்லை. தெரியாது என்றே அவளிடம் சொன்னேன்.